தட்டணுவை மட்டும் எண்ணினால் போதுமா?

மழைக்காலத்தில் எங்கள் மருத்துவமனையின் காய்ச்சல் பிரிவுக்கு முன் காத்திருக்கும் உறவினர்கள் எங்களைக் கண்டதும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். “டாக்டர், பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?” ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும் வரை இக்கேள்வியை நாள்தோறும் கேட்கிறோம். எண்ணிக்கை கூடியிருந்தால் முகங்கள் மலர்கின்றன, குறைந்திருந்தால் வாடுகின்றன. அந்த அக்கறையை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும், டெங்குக் காய்ச்சலில் குடும்பத்தினர் எண்ண வேண்டியவை வேறு மூன்று உள்ளன. அவற்றை விட்டுவிட்டுத் தட்டணுவை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதால் சிகிச்சைக்கு உரிய நேரம் கடந்துபோகிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இரு படுக்கைகள்

ஒரு மழைக்காலத்தில் அடுத்தடுத்த படுக்கைகளில் இருந்த இருவரைப் பற்றிச் சொல்கிறோம். அடையாளம் தெரியாதவாறு விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

முதலாமவர் இருபத்தைந்து வயது இளைஞர். தட்டணு எண்ணிக்கை 14,000. வீட்டார் அழுதுகொண்டிருந்தனர், நண்பர்கள் இரத்த தானத்துக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தனர். அவரோ படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். உடலில் எங்கும் இரத்தக் கசிவு இல்லை. கைகால்கள் வெதுவெதுப்பாக இருந்தன. சிறுநீர் தாராளமாகப் போயிற்று. அவருக்குத் தட்டணு ஏற்றப்படவில்லை. மூன்றாம் நாள் எண்ணிக்கை தானாக ஏறியது. நலமாக வீடு திரும்பினார்.

இரண்டாமவர் பன்னிரண்டு வயதுச் சிறுவன். நான்கு நாட்கள் கடுமையான காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் உடல் குளிர்ந்தது. முந்தைய மாலை எடுத்த பரிசோதனையில் தட்டணு 62,000. “அறுபதாயிரம் இருக்கிறது, காய்ச்சலும் விட்டுவிட்டது” என்று வீட்டார் நிம்மதி அடைந்தனர். பகலில் சிறுவன் வயிறு வலிக்கிறது என்றான். மூன்று முறை வாந்தி எடுத்தான். பிறகு சோர்ந்து உறங்கினான். களைப்பில் உறங்குகிறான் என்று எழுப்பாமல் விட்டார்கள். இரவு எட்டு மணிக்கு எங்களிடம் வந்தபோது அவன் கைகால்கள் சில்லிட்டிருந்தன. இரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி 20க்கும் கீழே சுருங்கியிருந்தது. கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான் என்று கேட்டோம். தாயும் தந்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். காலையில் எழுந்தபோது கழித்ததுதான் என்று அவனுடைய பாட்டி சொன்னார்.

இரண்டு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து அவன் பிழைத்தான். இன்னும் சில மணி நேரம் உறங்க விட்டிருந்தால் பிழைத்திருப்பானா என்பதை உறுதியாகச் சொல்ல எங்களால் இயலவில்லை. தட்டணு அதிகமாக இருந்தவன் சாவின் விளிம்புக்குச் சென்றான்; மிகக் குறைவாக இருந்தவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் டெங்குவைப் பாதி புரிந்துகொண்டதாகும்.

உயிரைப் பறிப்பது எது?

டெங்குவில் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் தட்டணுக் குறைவு அன்று. இரத்த நாளங்களிலிருந்து நீர்மம் கசிந்து வெளியேறுவதே ஆகும். கிருமியும் அதை எதிர்க்கும் உடலின் ஆற்றலும் மோதும்போது நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்கள் தற்காலிகமாகத் தளர்கின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா அவற்றின் வழியே வயிற்றறைக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் வடிகிறது. குழாய்களுக்குள் எஞ்சும் இரத்தம் கெட்டியாகிறது, அளவும் குறைகிறது. மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தைக் காப்பாற்றிக் கொடுக்க உடல் முயல்வதால் முதலில் தோலும் சிறுநீரகமும் பட்டினி கிடக்கின்றன. கைகால் சில்லிடுவதும் சிறுநீர் குறைவதும் அதனால்தான்.

இந்தக் கசிவைக் காட்டும் எண் பரிசோதனைத் தாளிலேயே இருக்கிறது. பி.சி.வி. அல்லது ஹீமடோக்ரிட் என்று அச்சிடப்பட்டிருக்கும். இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு இடத்தை நிரப்பியுள்ளன என்பதை அது சொல்கிறது. அச்சிறுவனுக்கு மூன்றாம் நாள் அது 36. எங்களிடம் வந்தபோது 46. அவனுடைய இரத்தத்திலிருந்து எவ்வளவு நீர்மம் வெளியேறிவிட்டது என்பதை அந்த ஏற்றம் காட்டியது. தாளில் தட்டணு வரியைத் தேடும் கண்கள் இந்த வரியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முதலாவது: காய்ச்சலின் நாட்கள்

டெங்கு நாட்கணக்கு வைத்து நடக்கும் நோய். காய்ச்சல் தொடங்கிய நாளை முதல் நாளாகக் கொண்டால், முதல் மூன்று நான்கு நாட்கள் கடும் காய்ச்சல், தலைவலி, கண்களுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி ஆகியவை இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணியும். அவ்வாறு தணியும்போது தொடங்கும் 24 முதல் 48 மணி நேரமே நோயின் ஆபத்தான கட்டம். நீர்மக் கசிவு நிகழ்வது அப்போதுதான். மற்றக் காய்ச்சல்களில் உடல் குளிர்ந்தால் நோய் விட்டது என்று பொருள். டெங்குவில் உடல் குளிர்ந்த பிறகுதான் கண்விழித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகையால் எங்கள் முதல் வேண்டுகோள் எளிமையானது. காய்ச்சல் தொடங்கிய அன்றே வீட்டு நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். எங்களிடம் வரும்போது “நாலைந்து நாளாக” என்று சொல்லாமல் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை பயன் தரும் என்பதும் அதைப் பொறுத்தே அமைகிறது. முதல் ஐந்து நாட்களுக்குள் என்.எஸ்.1 பரிசோதனையும், அதன்பின் ஐ.ஜி.எம். எலைசா பரிசோதனையும் ஏற்றவை. தவறான நாளில் எடுத்த பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்துவிட்டால் அது பொய்யான நிம்மதியைத் தரும்.

இரண்டாவது: சிறுநீர் கழித்த நேரம்

வீட்டில் எந்தக் கருவியும் இன்றி, எழுதப் படிக்கத் தெரியாதவரும் அளக்கக்கூடிய அளவு இது. டெங்கு நோயாளி நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் சிறுநீர் கழிக்க வேண்டும். ஆறு மணி நேரமாகக் கழிக்கவில்லை என்றால், தட்டணு எத்தனை இருந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இதோடு விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறுகளிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், மாதவிடாயில் மிகுந்த இரத்தப்போக்கு, கைகால் சில்லிடுதல், மிகுந்த சோர்வு அல்லது நிலைகொள்ளாத தவிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோர் அறிகுறிகள் தோன்றும்வரை காத்திராமல் தொடக்கத்திலேயே வர வேண்டும்.

மற்றவர்கள் பெரும்பாலோர் வீட்டிலேயே நலமடையலாம். ஓ.ஆர்.எஸ். கரைசல், இளநீர், உப்பிட்ட கஞ்சி, மோர், பழச்சாறு என்று சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் வரை தேவைப்படும். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு இந்த அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். மருந்துக் கடையில் “காய்ச்சலுக்கு ஒரு செட்” என்று கேட்டு வாங்கும் பழக்கம் மழைக்காலத்தில் மிகவும் ஆபத்தானது.

நிலவேம்புக் குடிநீரைப் பற்றியும் பப்பாளி இலைச் சாற்றைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். நிலவேம்பு அரசு மருத்துவமனைகளிலும் வழங்கப்படுகிறது. அருந்துவோருடன் எங்களுக்குப் பிணக்கு இல்லை. பப்பாளி இலை தட்டணுவைச் சற்று விரைவாக உயர்த்துவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால், நீர்மக் கசிவை அது நிறுத்தும் என்று நிறுவப்படவில்லை. உயிரைப் பறிப்பது அந்தக் கசிவே. கசப்புச் சாற்றைக் குடித்து வாந்தி எடுக்கும் நோயாளிக்கு உடலில் இருக்கும் நீரும் போய்விடும். எதை அருந்தினாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அருந்துகிறோமே என்ற நம்பிக்கையில் மருத்துவமனைக்கு வரும் நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் பங்கும் உண்டு

இந்தத் தட்டணு மோகத்தை வளர்த்ததில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வார்டில் சுற்றி வரும்போது “இன்று எண்பதாயிரம், பரவாயில்லை” என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நகர்வது எளிது. கசிவைப் பற்றி உட்கார்ந்து விளக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை நாங்கள் எப்போதும் ஒதுக்கியதில்லை. நாங்கள் சொன்ன ஒரே எண்ணைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள்.

அதன் விளைவுகள் இன்று எங்களையே வந்து சேர்கின்றன. இரத்தக் கசிவு இல்லாத நோயாளிக்குத் தட்டணு 10,000க்குக் கீழ் இறங்காதவரை அதை ஏற்றத் தேவையில்லை என்பதே பொதுவான மருத்துவ நெறி. ஏற்றினாலும் அது சில மணி நேரத்தில் அழிந்துவிடுகிறது. ஒவ்வாமைக்கும் வாய்ப்பு உண்டு. ஆயினும் “பணம் கட்டுகிறோம், ஏற்றுங்கள்” என்று மன்றாடும் குடும்பத்தின் முன் மறுத்து நிற்பது எளிதாக இல்லை. “இன்னும் இரண்டு பாட்டில் சலைன் போடுங்கள்” என்ற வேண்டுகோளும் அத்தகையதே. கசிந்த நீர்மம் இரண்டு நாட்களில் இரத்தத்துக்கே திரும்பி வரும். தேவைக்கு மேல் ஏற்றிய சலைன் அப்போது நுரையீரலை மூழ்கடித்துவிடும். குறைத்தாலும் கெடுதல், கூட்டினாலும் கெடுதல். ஆகவேதான் மணிக்கொருமுறை பார்த்து அளவை மாற்றுகிறோம். நோயாளி சிறுநீர் கழித்த நேரத்தையும் அளவையும் நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அந்த முடிவுகளில் நீங்களும் எங்களுடன் பங்கேற்கிறீர்கள்.

தேசியக் கொசுவழி நோய்த் தடுப்புத் திட்டத்தின் கணக்குப்படி, 2012ஆம் ஆண்டில் தமிழகத்தில் 12,826 பேருக்கு டெங்கு உறுதியானது. 66 பேர் இறந்தனர். 2017ஆம் ஆண்டில் 23,294 பேருக்கு உறுதியானது. 65 பேர் இறந்தனர். நோயாளிகள் ஏறத்தாழ இரு மடங்கான போதும் இறப்புகள் கூடவில்லை. பரிசோதனைகள் பெருகியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும், காலத்தில் கண்டு முறையாகப் பார்த்தால் டெங்குவில் இறப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே நிற்கும் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. அறுபத்தைந்து குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது என்பதையும் நாங்கள் அறிவோம்.

மூன்றாவது: தேங்கிய நீரின் வயது

இனி வீட்டுக்கு வருவோம். மேற்சொன்ன சிறுவன் வீடு திரும்பிய பின், சுகாதாரப் பணியாளர்கள் அவ்வீட்டைப் பார்வையிட்டனர். “எங்கள் வீட்டில் சாக்கடையே இல்லை, தண்ணீரெல்லாம் சுத்தம்” என்றார் தாய். உண்மைதான். கொல்லைப்புறத்தில் பயன்படாமல் கிடந்த ஆட்டுக்கல்லின் குழியில் மழைநீர் தெளிவாகவே நின்றது; அதில் புழுக்கள் நெளிந்தன. குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டிலும் அப்படியே.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, கால்களில் வெள்ளை வரிகள் கொண்டது. சாக்கடையை அது நாடுவதில்லை. தெளிந்து தேங்கிய நீரையே தேடுகிறது. பகலில் கடிக்கும், காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் மிகுதியாகக் கடிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். பெரும்பாலும் தான் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிகிறது. ஆகவே, உங்களைக் கடித்த கொசு உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கக்கூடும். தெருவில் அடிக்கும் புகை, பறக்கும் கொசுக்களில் சிலவற்றைக் கொல்லும். அலமாரிக்குப் பின்னும் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்திருப்பவற்றையும், தொட்டியில் நெளியும் புழுக்களையும் அது தொடுவதில்லை.

எனவே நீங்கள் எண்ண வேண்டிய மூன்றாவது, உங்கள் வீட்டில் எந்த நீர் எத்தனை நாட்களாக நிற்கிறது என்பது. ஏழு நாட்களைத் தாண்டவிடக் கூடாது. நம் ஊரில் பல வீடுகளில் வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவும் வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு நாள் வசதியானால் அந்நாளில் செய்யுங்கள். டிரம், தொட்டி, குடம், பூந்தொட்டித் தட்டு, மணிபிளான்ட் வைத்த புட்டி, குளிர்பதனப் பெட்டித் தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர், ஆட்டுக்கல் ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுந்தத் தேய்க்க வேண்டும். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மீண்டும் நீர் பட்டதும் பொரித்துவிடும். கோடையில் காலியான டிரம், முதல் மழையிலேயே கொசுவைத் தருவது இவ்வாறுதான்.

திருவண்ணாமலைக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. ஒவ்வொரு பௌர்ணமியிலும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பல ஊர் மக்கள் சுற்றி வருகின்றனர். கார்த்திகைத் தீபமோ வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வருகிறது, இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். கொசு நெடுந்தொலைவு பறப்பதில்லை. கிருமியைச் சுமந்து ஊர் ஊராகச் செல்பவர்கள் மனிதர்கள். காய்ச்சலின் முதல் நாட்களில் இருக்கும் ஒருவரை நம் தெருக் கொசு கடித்தால், எட்டுப் பத்து நாட்களுக்குப் பின் அக்கொசு தன் வாழ்நாள் முழுவதும் நோயைப் பரப்பும். திருவிழா முடிந்த மறுநாள் பாதையோரம் கிடக்கும் இளநீர்க் கூடுகளும் அன்னதானத்தின் பிளாஸ்டிக் குவளைகளும் மழைநீரைத் தாங்கி நிற்கும்போது, கொசுவுக்குத் தொட்டில் தயாராகிவிடுகிறது. இளநீர் விற்பவர் கூட்டை இரண்டாகப் பிளந்து போட்டால், அந்த ஒரு வெட்டே பெரிய தடுப்பு. அன்னதானம் செய்வோர் குப்பையை அன்றிரவே அள்ளச் செய்வதையும் தானத்தின் ஒரு பகுதியாகக் கருத வேண்டுகிறோம்.

டெங்கு இப்பகுதிக்குப் புதியதும் அன்று. 1960களிலேயே அண்டை நகரமான வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் காய்ச்சல் நோயாளிகளின் இரத்தத்திலிருந்து டெங்குக் கிருமியைப் பிரித்தெடுத்துள்ளனர். இக்கிருமியில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை வந்து போனால் அவ்வகைக்கு மட்டுமே நீடித்த எதிர்ப்பாற்றல் கிடைக்கும். வேறு வகை இரண்டாம் முறை தாக்கும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு மிகுதி. “எனக்குத்தான் முன்பே வந்துவிட்டதே” என்று அலட்சியமாக இருப்பவர் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டியவர்.

வீட்டார்மீது மட்டும் பழி போடுவது நியாயமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். குழாயில் தினமும் நீர் வந்தால் யாரும் டிரம்மில் சேர்த்து வைக்க மாட்டார்கள். நாள் விட்டு நாள் வரும் நீரைப் பிடித்து வைக்கும் ஏழைக் குடும்பத்திடம் சேமிக்காதே என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. சீரான குடிநீரும் காலத்தில் அள்ளப்படும் குப்பையும் மருந்தைவிடப் பெரிய டெங்குத் தடுப்பு; அவற்றை உள்ளாட்சி அமைப்புகளிடம் நாம் சேர்ந்து கேட்க வேண்டும். அதுவரை டிரம்முக்குப் பொருத்தமான மூடி இல்லாவிட்டால், பழைய வேட்டியை இரண்டாக மடித்து வாயில் இறுக்கிக் கட்டுங்கள்.

1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், கொசு வளரும் இடம் வைத்திருப்போருக்கு அறிவிப்பு அனுப்பவும் நடவடிக்கை எடுக்கவும் அதிகாரிகளால் இயலும். ஆனால், அபராதத்தைவிடத் தம் வீட்டுத் தொட்டியில் டார்ச் விளக்கொளியில் புழு நெளிவதை ஒருமுறை நேரில் காண்பது அதிகம் கற்பிக்கும் என்று நாங்கள் நம்புகிறோம். கொசு ஒழிப்புப் பணியாளர் கதவைத் தட்டும்போது “எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை” என்று அனுப்பிவிடாமல், அவரை உள்ளே அழைத்து உடன் சென்று பாருங்கள். அவர் நீரில் ஊற்றும் அபேட் மருந்து உரிய அளவில் தீங்கற்றது. பிள்ளைகளையும் அருகில் அழைத்துக் காட்டுங்கள். அடுத்த வாரம் அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால், முதல் ஐந்து நாட்கள் அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடிக்கும் கொசுவே அடுத்து உங்களைக் கடிக்கப்போவது.

அச்சிறுவனின் பாட்டியை நாங்கள் மறக்கவில்லை. பரிசோதனைத் தாளை அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால், பேரன் காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை என்பதைக் கவனித்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவரே. அதைப் பகலில் அவரிடம் கேட்கத்தான் யாரும் இல்லை. இந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால், தட்டணு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: இன்று எத்தனையாவது நாள்? கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது? காய்ச்சல் வருவதற்கு முன்னரே கேட்க வேண்டியது ஒன்றும் உண்டு: நம் வீட்டில் நிற்கும் நீருக்கு வயது எத்தனை?